ஆங்கர் டெக்ஸ்ட்: இணைப்புக்கு எந்தச் சொற்களைத் தேர்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கர் டெக்ஸ்ட் என்பது எதைக் குறிக்கிறது?

பக்கத்தில் வேறு நிறத்திலோ அடிக்கோட்டுடனோ தெரிந்து, கிளிக் செய்தால் இன்னொரு பக்கத்துக்கு இட்டுச்செல்லும் சொற்களே ஆங்கர் டெக்ஸ்ட். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இணைப்பை உருவாக்கும் குறியின் பெயர் ‘ஏ’. நங்கூரம் எனப் பொருள்படும் ‘ஆங்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. அந்தக் குறியின் ‘எச்ரெஃப்’ என்ற பண்பில் செல்லவேண்டிய முகவரி இருக்கும். தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே இருப்பதுதான் வாசகரின் கண்ணில் படும். இணையத்தின் தொடக்கக் காலத்தில் இணைப்பு புறப்படும் இடம், அது போய்ச் சேரும் இடம் ஆகிய இரண்டையும் இதே குறியால் அடையாளமிட்டார்கள் என்பதை நினைத்தால், நங்கூரம் என்ற பெயரின் பொருத்தம் விளங்கும். தமிழில் சிலர் ‘நங்கூர உரை’ என்று எழுதுகிறார்கள். இங்கே ‘இணைப்புச் சொற்கள்’ என்றே பெரும்பாலும் குறிப்பிடுகிறோம்.

இந்தச் சில சொற்களுக்குத் தேடுபொறிகள் ஏன் இவ்வளவு மதிப்புத் தருகின்றன?

ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும், பிறர் அதைப் பற்றிச் சொல்வதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தளத்தின் உரிமையாளர் தம் பக்கத்துக்கு ‘வருக வருக’ என்று தலைப்பிட்டிருக்கலாம். அதை இணைக்கும் மற்றொருவர் ‘மிதிவண்டியின் கியரைச் சரிசெய்யும் முறை’ என்று எழுதியிருக்கலாம். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்புபவருக்கு இரண்டாவதுதான் உதவும்.

செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 1998இல் வெளியிட்ட, கூகுளின் அமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரை இதற்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியது. மற்றத் தேடுபொறிகளில் பெரும்பாலானவை இணைப்புச் சொற்களை, அவை எழுதப்பட்டிருக்கும் பக்கத்தின் கணக்கில் மட்டுமே வைத்தன. கூகுளோ அவை சுட்டும் பக்கத்தின் கணக்கிலும் அவற்றைச் சேர்த்தது. கட்டுரை சொன்ன காரணங்கள் இரண்டு. பக்கங்கள் தம்மை விவரிப்பதைவிட, அவற்றைச் சுட்டும் சொற்கள் பல வேளைகளில் துல்லியமாக விவரிக்கின்றன என்பது ஒன்று. படம், மென்பொருள், தரவுத்தளம் போன்று, எழுத்தைப் படிக்கும் இயந்திரத்தால் படிக்க முடியாதவற்றையும் இந்தச் சொற்களைக் கொண்டு தேடலில் காட்டலாம் என்பது மற்றொன்று. அப்போது அவர்கள் திரட்டியிருந்த 2.4 கோடிப் பக்கங்களிலிருந்து 25.9 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புச் சொற்கள் அட்டவணையில் சேர்ந்தன. இந்த எண்ணம் அவர்களோடு பிறந்ததும் அன்று. 1994இல் இயங்கிய ‘வேர்ல்டு வைடு வெப் வோர்ம்’ என்ற தேடுபொறி இதைக் கையாண்டதை அந்தக் கட்டுரையே குறிப்பிடுகிறது.

இன்று தேடுபொறிகள் கணக்கில் எடுக்கும் அடையாளங்கள் எவ்வளவோ பெருகிவிட்டன; இணைப்புச் சொற்களை மட்டும் நம்பி எந்தப் பக்கமும் முதலிடம் பிடிப்பதில்லை. ஆயினும், சுட்டப்படும் பக்கம் எதைப் பற்றியது என்று இயந்திரத்துக்கும் வாசகருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் வேலையை அவை இப்போதும் செய்கின்றன. கூகுள் தளநிர்வாகிகளுக்கு வழங்கும் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

அப்படியானால், ஒரே கீவேர்டை (தேடுபவர்கள் தட்டும் சொல்லை) நூறு தளங்களில் இணைப்பாக வைத்தால் தேடலில் மேலே வந்துவிடலாமே?

ஒரு காலத்தில் வரமுடிந்தது. அதனால்தான் இந்த வழி அடைக்கப்பட்டது. 2003இல், ‘படுதோல்வி’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரைப் பலர் தங்கள் வலைப்பூக்களில் எழுதி, அதை வெள்ளை மாளிகைத் தளத்தில் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு இணைத்தார்கள். அந்தச் சொற்றொடர் அப்பக்கத்தில் எங்குமே இல்லாதபோதும், கூகுளில் அதைத் தேடியவர்களுக்கு முதல் முடிவாக அந்தப் பக்கமே வந்தது. ‘கூகுள் குண்டு’ எனப்பட்ட இத்தகைய விளையாட்டுகளின் விளைவைக் குறைக்கும் மாற்றத்தைக் கூகுள் 2007 ஜனவரியில் அறிவித்தது.

கேலிக்காகச் செய்தவர்களைவிட வணிகத்துக்காகச் செய்தவர்களே பல மடங்கு அதிகம். இணைப்புகளை விலைக்கு வாங்குவது, ஒரே கட்டுரையைச் சற்றே மாற்றி நூற்றுக்கணக்கான தளங்களில் போடுவது, எல்லாவற்றிலும் அச்சுப்பிசகாமல் ஒரே கீவேர்டை இணைப்பாக வைப்பது என்று ஒரு தொழிலே வளர்ந்தது. இவற்றைக் குறிவைத்து 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் அறிவித்த மாற்றம், பின்னர் ‘பெங்குவின்’ என்று பெயர் பெற்றது. ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 விழுக்காடு, பயனர் கவனிக்கும் அளவுக்கு மாறும் என்று கூகுளே அப்போது சொன்னது. 2016 செப்டம்பரில் பெங்குவின், கூகுளின் மையத் தரவரிசை வழிமுறையின் பகுதியானது. அதன் பிறகு, முழுத் தளத்தையும் கீழே தள்ளுவதைவிட, செயற்கையான இணைப்புகளின் மதிப்பை நீக்கிவிடுவதே அதன் போக்காக இருக்கிறது. ஆகவே இன்று அப்படிச் செய்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, பணமும் உழைப்பும் போன பிறகும் அசையாத தரவரிசைதான். கூகுளின் ஆய்வாளர் ஒருவர் நேரில் பார்த்து எடுக்கும் நடவடிக்கைக்கு ஆளானால் அதைவிட மோசமான நிலையும் வரலாம்.

இணைப்புச் சொற்களின் மதிப்பு, அவற்றை எழுதியவர் தேடுபொறியை மனத்தில் கொள்ளாமல் எழுதினார் என்பதிலிருந்து வந்தது. தேடுபொறிக்காகவே எழுதத் தொடங்கியதும் அந்த மதிப்பின் வேர் அறுந்துபோகிறது. கீழே வரும் விடைகள் பலவும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைப்பவை.

நல்ல இணைப்புச் சொற்கள் எப்படி இருக்கும்?

இணைப்பை மட்டும் வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தனியே படித்துப் பாருங்கள். கிளிக் செய்தால் என்ன கிடைக்கும் என்று முன்பின் அறியாத ஒருவரால் ஊகிக்க முடிந்தால் அது நல்ல இணைப்பு. ‘இந்தக் கட்டுரை’ என்பதிலிருந்து ஒன்றையும் ஊகிக்க முடியாது. ‘மிதிவண்டி’ என்பதிலிருந்து துறை தெரிகிறது, பொருள் தெரியவில்லை. ‘மிதிவண்டிச் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடுவதற்கான காரணங்கள்’ என்றால் ஐயமே இல்லை.

அடுத்து, சொன்னதும் கிடைப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். காரணங்களை அறிய வந்தவர் சங்கிலி விற்கும் பக்கத்தில் போய் நின்றால், அடுத்த நொடியே திரும்பிவிடுவார். அந்தத் தளத்தின் மற்ற இணைப்புகளையும் அவர் இனி நம்பமாட்டார். கீவேர்டு ஆராய்ச்சியில் மணிக்கணக்கில் மூழ்குபவர்கள், சுட்டப்படும் பக்கத்தை ஒருமுறை திறந்து படித்துவிட்டு, ‘இதை நண்பரிடம் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வேன்?’ என்று தங்களையே கேட்டுக்கொள்வது மேல். அந்த விடையில் கீவேர்டு பெரும்பாலும் தானாகவே வந்து அமர்ந்துவிடும்.

இணைப்பைச் சூழ்ந்துள்ள வாக்கியத்துக்கும் பங்குண்டு. ஒரு பத்தி முழுவதும் சங்கிலித் தேய்மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நடுவே ‘தேய்மானத்தை அளக்கும் முறை’ என்று வரும் இணைப்பு எதன் தேய்மானம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எல்லாச் சுமையையும் இணைப்பின் மீதே ஏற்றினால் வாக்கியம் முறுக்கிக்கொள்ளும்.

‘இங்கே சொடுக்கவும்’, ‘மேலும் படிக்க’ என்று எழுதுவது தவறா?

தண்டனைக்குரிய தவறு அன்று; வாய்ப்பை வீணாக்குவது. ஆங்கிலத்தில் ‘இங்கே கிளிக் செய்க’ என்பதற்குரிய சொற்களைக் கூகுளில் தேடினால், பல ஆண்டுகளாக அடோபி ரீடர் மென்பொருளைப் பதிவிறக்கும் பக்கம் முன்னணியில் வந்தது. ‘இந்த ஆவணத்தைப் படிக்க மென்பொருள் தேவை, அதைப் பெற இங்கே கிளிக் செய்க’ என்று எண்ணற்ற தளங்கள் எழுதியிருந்ததன் விளைவு அது. இணைப்புச் சொற்களின் ஆற்றலுக்கும், அந்த ஆற்றல் பயனில்லாத இடத்தில் செலவானதற்கும் ஒரே சான்று. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி, ‘இங்கே கிளிக் செய்க’ என்பதை இணைப்புச் சொல்லாகப் பயன்படுத்தவேண்டாம் என்று 2001இலேயே அறிவுரை கூறியது.

கட்டுரைப் பட்டியல்களில் ஒவ்வொரு சுருக்கத்தின் கீழும் ‘மேலும் படிக்க’ என்று இருப்பது வேறு வகை. அங்கே தலைப்பே இணைப்பாக இருந்தால் போதும். கூடவே ‘மேலும் படிக்க’ இருப்பதால் கெடுதல் இல்லை. தலைப்பில் இணைப்பு இல்லாமல் ‘மேலும் படிக்க’ மட்டும் இருபது முறை வருவதுதான் திருத்தவேண்டியது.

எத்தனை சொற்கள் வரை போகலாம்?

விதி எதுவும் இல்லை. இரண்டிலிருந்து ஆறு அல்லது ஏழு சொற்களுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஒரு பத்தியையே இணைப்பாக்கினால் எந்தச் சொல் முக்கியம் என்பது தெரியாது. கைபேசியில் திரையை நகர்த்தும்போது விரல் தவறிப் பட்டும் பக்கம் மாறிவிடும். அடுத்தடுத்த மூன்று சொற்களுக்கு இடைவெளியின்றி மூன்று தனி இணைப்புகள் கொடுப்பதையும் தவிர்க்கவேண்டும். அவை ஒரே இணைப்பா, மூன்றா என்பது வாசகருக்குத் தெரியாது.

தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபை இணைப்புக்குள் வைப்பதா, வெளியே விடுவதா?

ஆங்கில வழிகாட்டிகள் இதைப் பேசுவதில்லை; தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் கேள்வி இது. தமிழில் உருபு பெயரோடு ஒட்டியே வரும். ‘சங்கிலி’ என்பது ‘சங்கிலியை’, ‘சங்கிலிக்கு’, ‘சங்கிலியின்’ என்று மாறும். ‘சக்கரம்’ என்பதோ ‘சக்கரத்தை’ என்று வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். கீவேர்டு தூய வடிவில் இருக்கவேண்டும் என்ற ஆசையில் சிலர், ‘சங்கிலி’ வரை இணைப்பிட்டு ‘யை’ என்பதை வெளியே விடுகிறார்கள். சொல் பாதி நீலமும் பாதி கறுப்புமாக நிற்கும் காட்சி, படிப்பவரை உறுத்தும். இதைவிடச் சிக்கலானது ‘பெடலை’ போன்ற சொல். இங்கே ‘ல’ என்ற எழுத்துக்கும் அதன் ஐகாரக் குறிக்கும் நடுவில் இணைப்பை முடித்தால், உயிர்மெய் உடைந்து, புள்ளியிட்ட வட்டத்தோடு ஐகாரக் கொம்பு தனியே தொங்க நேரிடும்.

உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் இணைப்பாக்குவதே நேரான வழி. மூல வடிவம் வேண்டும் என்று தோன்றும் இடத்தில் வாக்கியத்தைச் சற்றே மாற்றி அமைக்கலாம். ‘பெடல் மாற்றும் முறையை அறிந்துகொள்ளுங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘பெடல் மாற்றும் முறை பற்றித் தனியே விளக்கியிருக்கிறோம்’ என்று எழுதி, முதல் மூன்று சொற்களை இணைத்தால் உருபின் தொல்லை இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் ‘பற்றி’, ‘என்ற கட்டுரையில்’ என்று அடுக்கினால் நடை தட்டையாகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதால் இன்னொரு பழக்கமும் படிந்திருக்கிறது. ‘கியரைச் சரிசெய்யும் முறையை இந்தப் பக்கத்தில் காணலாம்’ என்று எழுதிவிட்டு, கடைசியில் வரும் ‘காணலாம்’ என்பதை இணைப்பாக்குவதுதான் அது. பொருள் முழுவதும் முன்னால் இருக்கிறது. இணைப்போ வெறும் வினையில் நிற்கிறது. வினையை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பெயர்த்தொடரைப் பிடிப்பதே சரி. அடைகளெல்லாம் முன்னே வந்து பெயரில் முடியும் தமிழ்த் தொடர், ஆங்கிலத்தைவிட இதற்கு வாகாகவே அமைந்திருக்கிறது.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். ‘மிதிவண்டி’ என்று எழுதுபவர்களில் பலர் தேடும்போது ‘சைக்கிள்’ என்றே தட்டுகிறார்கள். ஒரே பக்கத்தைச் சுட்டும் வெவ்வேறு இணைப்புகளில் இயல்பாக வரும் இடங்களில் இரு சொற்களையும் பயன்படுத்தலாம். ஒரே இணைப்புக்குள் ‘மிதிவண்டி சைக்கிள்’ என்று இரண்டையும் திணிக்கவேண்டாம்.

முகவரியை அப்படியே ஒட்டிவிட்டால் ஆகாதா?

முகவரியும் இணைப்புச் சொல்லாகவே கருதப்படும், விவரம்தான் இராது. தமிழ் எழுத்துகள் உள்ள முகவரியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொண்டது. முகவரிக்கு ஏற்ப மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து 3 எழுத்துருக்களாகிவிடும். ‘அம்மா’ என்ற சின்னஞ்சிறு சொல்லில் 5 குறியீடுகள் (அ, ம, புள்ளி, ம, கால்) இருப்பதால் அது 45 எழுத்துருக்களாக நீளும். நான்கு சொல் தலைப்புள்ள முகவரியை ஒட்டினால் திரையின் பாதியைப் புரியாத எழுத்துகளும் எண்களும் நிரப்பிவிடும்.

எந்த வகை இணைப்புச் சொற்கள் எத்தனை விழுக்காடு இருக்கவேண்டும்?

கீவேர்டு அப்படியே வருவது, கீவேர்டின் ஒரு பகுதி வருவது, நிறுவனத்தின் அல்லது தளத்தின் பெயர் வருவது, வெறும் முகவரி, பொதுச்சொல், படம் என்று எஸ்இஓ துறையினர், அதாவது தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்பவர்கள், வகை பிரிப்பார்கள். உரையாடலுக்கு வசதியான பிரிவுகள்தான். அவற்றை இத்தனைக்கு இத்தனை என்று கலக்கச் சொல்லும் அட்டவணைகளுக்குத் தேடுபொறிகள் வெளியிட்ட எந்த விதியும் அடிப்படை இல்லை. பிற தளங்களிலிருந்து இயல்பாகக் கிடைக்கும் இணைப்புகளை, அதாவது பேக்லிங்க்குகளைப் பார்த்தால் தளத்தின் பெயரும் முகவரியும் மிகுதியாக இருக்கும், ஏனென்றால் மனிதர்கள் அப்படித்தான் சுட்டுவார்கள். அந்த இயல்பைக் கணக்குப்போட்டுப் போலியாக உருவாக்க முனைவது, எந்தச் செயற்கையைக் கண்டுபிடிக்கத் தேடுபொறிகள் முயல்கின்றனவோ அதையே இன்னும் சிரத்தையோடு செய்வதாகும். அதற்குச் செலவழியும் நேரத்தை உள்ளிணைப்புகளில் செலவிடலாம்.

என் தளத்துக்குள் உள்ள இணைப்புகளில் கீவேர்டு வைத்தால் சிக்கல் வருமா?

வராது. சொல்லப்போனால், முழு உரிமையோடு சொற்களைத் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரே இடம் இதுதான். பெங்குவின் போன்ற நடவடிக்கைகள் குறிவைத்தது, தரவரிசைக்காகத் தளங்களுக்கு இடையே செயற்கையாகக் கட்டப்பட்ட இணைப்புகளை. உங்கள் தளத்தின் ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு அதன் பொருளைத் தெளிவாகச் சொல்லி இணைப்பது வாசகருக்குச் செய்யும் உதவி. ஆனாலும் பெரும்பாலான தளங்களில் மிகவும் புறக்கணிக்கப்பட்டுக் கிடப்பது இந்தப் பகுதிதான்.

ஒரு மிதிவண்டிப் பராமரிப்புத் தளத்தை எடுத்துக்கொள்வோம். பிரேக்கைச் சரிசெய்வது, பிரேக் கட்டையை மாற்றுவது, பிரேக் கம்பியை இழுத்துக்கட்டுவது என்று மூன்று பக்கங்கள் அதில் உள்ளன. மற்றக் கட்டுரைகளிலிருந்து இந்த மூன்றுக்கும் ‘பிரேக்’ என்ற ஒற்றைச் சொல்லாலேயே இணைப்புகள் போயிருந்தால், மூன்றில் எது எதற்கு என்று தேடுபொறிக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. சில மாதங்கள் கழித்து, எழுதியவருக்கே தெரியாது. ஒரே சொற்றொடர் இரண்டு வெவ்வேறு பக்கங்களைச் சுட்டக்கூடாது என்பதை ஒரு கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தைப் பல சொற்றொடர்கள் சுட்டலாம். அதில் தடையில்லை, வாக்கியத்துக்கு ஏற்ப அவை மாறுவதுதான் இயல்பும்கூட.

முக்கியமான ஒவ்வொரு பக்கத்துக்கும் தளத்தின் வேறொரு பக்கத்திலிருந்தாவது ஓர் இணைப்பு இருக்கவேண்டும் என்பதும் கூகுளின் அறிவுரை. எங்கிருந்தும் இணைப்பில்லாத பக்கம், தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பில் பெயர் இருந்தாலும், அநாதையாகவே கிடக்கும்.

குறிப்பிட்ட சொல் வரும் இடங்களிலெல்லாம் தானாகவே இணைப்பிடும் செருகுநிரல்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கையில் நேரம் இல்லாதவருக்குக் கவர்ச்சியான கருவிதான். ஆனால் ‘பிரேக்’ என்ற சொல் பன்னிரண்டு முறை வரும் கட்டுரையில் பன்னிரண்டு முறையும் அது நீலமாகிவிடும். பொருத்தமே இல்லாத சொற்றொடரின் நடுவிலும் இணைப்பு முளைக்கும். உருபேற்ற வடிவங்களை அடையாளம் காணாததால், தமிழில் தேவையான இடங்களை விட்டுவிட்டுத் தேவையற்ற இடங்களைப் பிடிப்பதும் உண்டு.

ஒரே பக்கத்திலிருந்து ஒரே முகவரிக்கு இரண்டு இணைப்புகள் இருந்தால் எந்தச் சொற்கள் எடுத்துக்கொள்ளப்படும்?

முதலில் வருவது மட்டுமே கணக்கில் சேரும் என்ற கருத்து எஸ்இஓ வட்டாரத்தில் நெடுங்காலமாக உலவுகிறது. அதை நிலையான விதியாக எண்ணித் தளத்தின் மெனுவை மாற்றி அமைப்பது வீண் வேலை. நீண்ட கட்டுரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் வாசகருக்குத் தேவைப்பட்டால் இரண்டு இடத்திலும் இணைப்பிடுங்கள். இரண்டிலும் சொற்கள் தெளிவாக இருக்கட்டும்.

படத்தையோ பொத்தானையோ இணைப்பாக வைத்தால்?

படம் இணைப்பாக இருக்கும்போது, அதன் ‘ஆல்ட்’ பண்பில் எழுதப்பட்ட மாற்று உரையைக் கூகுள் இணைப்புச் சொற்களாக எடுத்துக்கொள்கிறது. மாற்று உரை வெறுமையாக இருந்தால் அந்த இணைப்பு ஊமையாகிவிடும். இங்கே மாற்று உரை படத்தை வருணிப்பதைவிட, போகும் இடத்தைச் சொல்வதே பயன். வீட்டின் சின்னத்துக்கு ‘வீடு’ என்று எழுதாமல் ‘முகப்புப் பக்கம்’ என்று எழுதவேண்டும்.

பொத்தான்களைப் பொறுத்தவரை தோற்றம் எப்படியிருந்தாலும் உள்ளே ‘ஏ’ குறியும் ‘எச்ரெஃப்’ பண்பில் உண்மையான முகவரியும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு, கிளிக் செய்ததும் பக்கம் மாறும்படி மட்டும் அமைத்திருந்தால், வாசகருக்கு அது இணைப்பாக வேலை செய்யும். பக்கங்களைத் திரட்டும் கூகுளின் கிராலரோ அதைப் பின்தொடரும் என்று நம்பியிருக்க முடியாது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாததால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும்.

நோஃபாலோ இணைப்புகளில் சொற்களுக்குப் பொருள் உண்டா?

கருத்துரைகளில் குவிந்த எரித (ஸ்பேம்) இணைப்புகளைத் தடுக்கக் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகியவை 2005 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட பண்பு நோஃபாலோ; ‘இந்த இணைப்புக்கு மதிப்புத் தரவேண்டாம்’ என்று தேடுபொறிக்குச் சொல்வது அது. 2019 செப்டம்பரில் கூகுள், விளம்பர இணைப்புகளுக்கு ‘ஸ்பான்சர்டு’, பயனர்கள் எழுதும் பகுதிகளுக்கு ‘யூஜிசி’ என்ற இரண்டு பண்புகளைச் சேர்த்தது; இவை மூன்றையும் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகவே கொள்வதாகவும் அறிவித்தது. ஆகவே அத்தகைய இணைப்புகளைத் தேடுபொறி அறவே புறக்கணிக்கும் என்றும் சொல்ல முடியாது, மதிக்கும் என்றும் சொல்ல முடியாது. பணம் பெற்றுக்கொண்டு வைக்கும் இணைப்புக்கு இந்த அடையாளம் கட்டாயம் வேண்டும். சொற்களைப் பொறுத்தவரை, வாசகருக்கு எல்லா இணைப்பும் ஒன்றுதான்.

மற்றவர்கள் என் தளத்தை இணைக்கும்போது இன்ன சொற்களை வையுங்கள் என்று கேட்கலாமா?

இணைத்தவர் உங்கள் பெயரைத் தவறாக எழுதியிருந்தாலோ, பழைய முகவரிக்கு அனுப்பியிருந்தாலோ திருத்தச் சொல்லிக் கேட்பதில் குற்றமில்லை. ‘தளத்தின் பெயருக்குப் பதில் இந்தக் கீவேர்டை வையுங்கள்’ என்று கேட்கத் தொடங்கினால் எல்லை தாண்டப்படுகிறது. விருந்தினர் கட்டுரைகளைப் பெருமளவில் எழுதி அவற்றில் கீவேர்டு செறிந்த இணைப்புகளை வைப்பது, பத்திரிகைச் செய்திக் குறிப்புகளில் அத்தகைய இணைப்புகளைப் பரப்புவது, பிறர் தளங்களில் பொருத்தும் சிறுகருவிகளில் அவற்றை ஒளித்துவைப்பது ஆகியவற்றைக் கூகுளின் எரிதக் கொள்கை பெயர் சொல்லியே கண்டிக்கிறது. மாதிரிக்கு ஒரு வாக்கியம் தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் ‘மலிவு விலை மிதிவண்டி’, ‘சிறந்த மிதிவண்டி’, ‘மிதிவண்டி வாங்க’ என்று மூன்று இணைப்புகள் தொங்கினால், எந்த இயந்திரமும் வேண்டாம், பள்ளி மாணவரே அதை விளம்பரம் என்று சொல்லிவிடுவார்.

முன்பு யாரோ கட்டிவைத்த மோசமான பேக்லிங்க்குகள் இருந்தால் என்ன செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை; தேடுபொறிகள் அவற்றைத் தாமாகவே ஒதுக்கிவிடுகின்றன. இணைப்புகளை மறுதலிக்கும் கருவி ஒன்றைக் கூகுள் 2012 அக்டோபரில் வெளியிட்டது. செயற்கை இணைப்புகளுக்காக நடவடிக்கை அறிவிப்பு வந்தவர்களுக்கும், தாங்களே விலைக்கு வாங்கியவை பெருமளவில் இருந்து நடவடிக்கை வரக்கூடும் என்று அஞ்சுபவர்களுக்கும் உரியது அது. விபரீதமான சொற்களோடு முன்பின் தெரியாத தளங்களிலிருந்து சில இணைப்புகள் தென்பட்டதற்காகப் பதறி அதைப் பயன்படுத்தினால், நல்ல இணைப்புகளையும் சேர்த்து இழக்கலாம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் பக்கத்தை வரிவரியாகக் கேட்பதோடு நிற்பதில்லை. என்விடிஏ, ஜாஸ் போன்ற மென்பொருள்களில் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் ஒரு பட்டியலாகத் திறந்து அதிலிருந்து தேர்ந்தெடுக்க முடியும். ‘இங்கே’, ‘இங்கே’, ‘மேலும்’, ‘இங்கே’ என்று அந்தப் பட்டியல் ஒலித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? இணைய உள்ளடக்க அணுகல்தன்மை விதிமுறைகளின் 2.4.4ஆம் கூறு, இணைப்பின் நோக்கம் அதன் சொற்களாலோ, சூழ்ந்துள்ள வாக்கியத்தாலோ விளங்கவேண்டும் என்று அடிப்படை நிலையிலேயே கேட்கிறது, 2.4.9ஆம் கூறு, சொற்களாலேயே விளங்கவேண்டும் என்று உயர்நிலையில் கேட்கிறது. இணைப்பை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் அடிக்கோட்டையும் விட்டுவைப்பது, நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு உதவும். அடிக்கோடு அழகைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பாளர் சொன்னால் இந்தக் காரணத்தை எடுத்துக்காட்டுங்கள்.

என் தளத்தை எந்தச் சொற்களால் இணைத்திருக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது?

தளநிர்வாகிகளுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில், வெளித்தளங்கள் அதிகம் பயன்படுத்திய இணைப்புச் சொற்களின் பட்டியல் இருக்கிறது. பிங் வெப்மாஸ்டர் கருவிகளிலும் பேக்லிங்க் பகுதியில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் உள்ளிணைப்புகளின் சொற்களை சர்ச் கன்சோல் காட்டாது. அதற்குத் தளம் முழுவதையும் வலம்வந்து பட்டியலிடும் மென்பொருள் ஒன்று வேண்டும்.

நூற்றுக்கணக்கான பழைய கட்டுரைகள் இருக்கின்றன. திருத்த எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் திருத்தவேண்டியதில்லை. அதிகம் படிக்கப்படும் இருபது பக்கங்களைத் திறந்து, அவற்றிலிருந்து வெளியே போகும் ‘இங்கே’, ‘இந்தப் பதிவு’, ‘காண்க’ போன்ற இணைப்புகளை முதலில் மாற்றுங்கள். வாசகர்கள் உண்மையிலேயே நடமாடும் இடம் அதுதான். அடுத்து, நன்றாக எழுதியும் தேடலில் கண்ணில் படாமல் கிடக்கும் பக்கங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருளைத் தொடும் பழைய கட்டுரைகளைத் தளத்தின் தேடுபெட்டியிலேயே தேடிப் பிடித்து, பொருந்தும் வாக்கியத்தில் ஓர் இணைப்பைச் சேருங்கள். பொருந்தும் வாக்கியம் இல்லையென்றால் ஒன்றைப் புதிதாக எழுதலாம், இருப்பதை வளைக்கவேண்டாம். ஒரு சொற்றொடர் இரண்டு பக்கங்களைச் சுட்டுகிறதா என்பதையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். மாற்றங்களைத் தேடுபொறி மீண்டும் வந்து படிக்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும் என்பதால், எந்தப் பக்கத்தில் எந்த நாளில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு விரிதாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.